ஐந்தாவது பெயர்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, கண்டி டவுனில் ஒரு சலூனுக்குள் உட்கார்ந்துகொண்டு மூன்று ஆண்கள் என் அக்காவுக்குச் செய்த அநியாயத்தை நான் இன்னும் முழுதாக மன்னித்துவிடவில்லை. அவர்களில் ஒருவர் என் அப்பா. இன்னொருவர் என் தாய்மாமா. மூன்றாமவர் யாழ்ப்பாணத்து மாஸ்டர். மாஸ்டர் இப்போது உயிரோடு இல்லை. அதற்காக அவரை மட்டும் விட்டுவிடுவதாகவும் இல்லை.

அப்பா அந்தச் சலூனில் முடிவெட்டினார். எங்கள் வீடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றாக, இருந்தது. அம்மா கொழுந்தெடுக்க மலைக்கு ஏறும் நேரத்தில் அப்பா முடிவெட்டப் பட்டணத்துக்கு இறங்குவார். சலூனில் மூன்று சுழல் கதிரைகள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆட்கள் குறைந்ததும் மாமாவும் மாஸ்டரும் வந்து ஆளுக்கொரு கதிரையில் ஏறிக்கொள்வார்கள். மாமாவுக்கு மார்க்கெட்டில் மரக்கறி மொத்தக் கடையில் வேலை. மாஸ்டர் கண்டியிலேயே முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். இந்த மூவரையும் ஒன்றுசேர்த்தது குத்துச்சண்டை. மூவரில் ஒருவராவது வாழ்நாளில் ஒரு தடவை கையுறை மாட்டியதுண்டா என்றால், இல்லை. மாமா மட்டும் இளவட்டமாக இருந்தபோது ஒரு தேர்த் திருவிழாவில் சண்டைக்குப் போய் முன்பல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தவர். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு உலகத்திலுள்ள வீரர்களுக்கெல்லாம் அவர் புத்தி சொன்னார்.

பேச்சு எப்போதும் வெளிநாட்டில்தான் தொடங்கும். மாஸ்டர் தன் போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து ஏதாவதொரு சண்டையை ஓட்டுவார். வளர்ந்துவரும் பையன்களில் யார் நாளைக்கு எல்லோரையும்விடப் பெரிய ஆளாக வருவான் என்பதுதான் கேள்வி.

"இந்த ஜப்பான்காரப் பெடியனைப் பாருங்கோ. இன்னும் மூண்டு வருசத்தில எல்லாரையும் விழுத்துவான், நான் சொல்லுறன்," என்பார் மாஸ்டர்.

"நாடி பலமில்ல மாஸ்டர். நாடியில ஒண்ணு பட்டா சாஞ்சிருவான்," என்பார் மாமா.

அப்பா கத்தரிக்கோலை நிறுத்தாமல், "கால் நல்லாருக்கு," என்று மட்டும் சொல்வார்.

வெளிநாடு அலுத்துப்போன பிறகு ஊருக்கு வருவார்கள். கண்டிப் பக்கத்தில் அப்போது வளர்ந்துவந்த பையன்கள் நான்கு பேருக்கு மாஸ்டர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். சலூன் சுவரில் பழைய நாட்காட்டி ஒன்றைத் திருப்பி மாட்டி, அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதியிருந்தார். பையன்களை ஊர்ப் பெயரால்தான் சொல்வார்கள். முதலாவது கட்டுகஸ்தோட்டை. இரண்டாவது குண்டசாலை. அதன் பிறகு பேராதனை, கம்பளை. கைக்குப் பத்து, காலுக்குப் பத்து, மூச்சுக்குப் பத்து, மூளைக்குப் பத்து என்று பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் மாஸ்டர் புள்ளி போட்டிருந்தார். கட்டுகஸ்தோட்டைக்கு முப்பத்தேழு. அந்தப் பையன் அறுபது கிலோ, கம்பளைப் பையன் எழுபத்தைந்து கிலோ. இருவரையும் எப்படி ஒரே பட்டியலில் வைக்கலாம் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

மாஸ்டருக்குக் கேள்வி கேட்டால் பிடிக்கும். "இஞ்ச பார் பிள்ளை. நாங்கள் எடையைத் தள்ளி வச்சிட்டுப் பாக்கிறம். எல்லாரும் ஒரே எடை எண்டு நினைச்சுக்கொள். அப்ப ஆர் கெட்டிக்காரன்? அதுதான் கணக்கு," என்றார்.

எனக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது. விளங்கிய வேகத்தில் கோபமும் வந்தது.

ஏனென்றால் என் அக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது, நாற்பத்தெட்டு கிலோ. பாடசாலையில் ஏதோ ஒரு விளையாட்டுத் திட்டத்தில் தற்செயலாகக் குத்துச்சண்டைக்குச் சேர்ந்து, இரண்டு வருடத்தில் ஐந்து சண்டைக்குப் போய் ஐந்திலும் வென்றிருந்தாள். அவளைப் பழக்கிய கோச் ஓர் ஓய்வுபெற்ற இராணுவக்காரர், சிங்களவர். பாராட்டுவதை உடம்புக்கு ஆகாத பழக்கமாக நினைத்த மனிதர். அவரே, இந்தப் பிள்ளை அடி வருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுகிறது என்று என் காதுபடச் சொன்னார். அப்படியிருக்க, ஒரு சண்டையில் தோற்ற கம்பளைப் பையனுக்குப் பட்டியலில் இடம் இருந்தது. அந்தச் சலூனிலேயே முடிவெட்டுகிறவரின் சொந்த மகளுக்கு இல்லை.

"எடையைத் தள்ளி வைக்கலாம்னா, பொம்பளப் புள்ளைங்கிறதையும் தள்ளி வைக்கலாம்தானே மாஸ்டர்?" என்று கேட்டேன்.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் விடை தெரியாத ஆசிரியர்கள் செய்வது அது. மாமாதான் சிரித்தார்.

"அடியே, அது வேற கணக்குடி. ஒங்கக்கா கெட்டிக்காரிதான், யாரு இல்லன்னா? ஆனா அந்தக் கட்டுகஸ்தோட்டப் பையன் முன்னுக்கு ஒரு நிமிசம் நிப்பாளா சொல்லு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஒருவருடைய காதோரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜப்பான்காரனின் கால்களைப் பற்றிச் சொல்ல வாய் இருந்தது. தன் வீட்டில் தன்னுடைய தட்டில் சோறு போடுகிறவளின் கால்களைப் பற்றிச் சொல்ல வாய் இல்லை. அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிட வரவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை அக்காவுக்குப் பெரிய போட்டி. வென்றால் கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி முகாம். அதற்குப் பிறகு நாட்டின் கனிஷ்ட அணிக்குத் தெரிவாகலாம் என்றார்கள். இப்படிப்பட்ட ஒரு வாரத்தில் புத்தியுள்ள தங்கை என்ன செய்வாள்? அக்காவைச் சும்மா விட்டிருப்பாள். நான் விடவில்லை.

அக்கா பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போகவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பொட்டைப் பிள்ளை தனியாக டவுனுக்குப் போகக்கூடாதாம். ஐந்து சண்டையில் வென்ற ஒருத்திக்கு, வகுப்பிலேயே மிகச் சிறியவளாகப் பல்லி மாதிரி இருந்த நான் பாதுகாப்பு. இதில் இருந்த வேடிக்கையைப் பற்றி வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

வியாழக்கிழமை நாங்கள் பயிற்சி மண்டபத்துக்குப் போனபோது கோச் இல்லை. சனிக்கிழமைப் போட்டிக்கான அலுவல்களுக்குப் போயிருந்தார். பையன்களின் பயிற்சி முடிந்து, அவர்கள் சப்பாத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் பையனும் அங்கே இருந்தான். பட்டியலின் முதலாம் இலக்கத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாதாரணமான பையன். மேலுதட்டில் மீசை முளைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். முப்பத்தேழு புள்ளி வாங்கிய ஒருவன் வாழைப்பழம் தின்பதே எனக்கு ஆத்திரத்தைக் கொடுத்தது.

நேரே அவன் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில், என் அக்காவோடு ஒரு சுற்று அடிக்க முடியுமா என்று கேட்டேன். அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு அல்ல. அக்காவுக்குச் சனிக்கிழமை போட்டி இருக்கிறது, இப்போது களைக்கக்கூடாது நங்கி என்று, தங்கச்சியிடம் சொல்வதுபோல், நல்ல விதமாகத்தான் சொன்னான். நான் அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம். பதிலாக, பயமா என்று கேட்டேன். அவனுடைய கூட்டாளிகள் ஊளையிட்டார்கள். ஒருவன் வாளியைத் தட்டினான். பையனின் காது சிவந்துவிட்டது.

அக்கா வந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடிட்டு இரு. என்னா இது?"

"அவன்தான் மொதலாவதாம்க்கா. நீ அவன் முன்னுக்கு ஒரு நிமிசம் நிக்க மாட்டியாம். மாமா சொல்றாரு. மாஸ்டரும் சொல்றாரு. அப்பா சும்மா கேட்டுக்கிட்டு இருக்காரு!"

கடைசி வாக்கியத்தில்தான் அவள் முகம் மாறியது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. அவள் என்னை விட்டுவிட்டுத் தன் கைகளுக்குத் துணி சுற்றத் தொடங்கினாள். ஒரே ஒரு சுற்று, மெதுவாக என்று பையன் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

அந்த ஒரு சுற்றைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. என் பிள்ளைகளுக்கும் சொல்லுவேன். பையன் முதலில் விளையாட்டாகக் கையை நீட்டினான். அந்தக் கை போய்ச் சேரும் முன்பே அக்கா அந்த இடத்தில் இல்லை. மறுபடி நீட்டினான். மறுபடியும் இல்லை. அவளுடைய இடது கை அவன் நெற்றியில் மூன்று தடவை தட்டியது, கதவு தட்டுகிற மாதிரி. சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். கூட்டாளிகளும் நிறுத்தினார்கள். அதன் பிறகு அவன் உண்மையாகவே அடிக்கத் தொடங்கினான். அக்கா குனிந்தாள், விலகினாள், வலது கையை நேராக விட்டு அவன் முகக் காப்பில் ஒரு அடி கொடுத்தாள். மண்டபம் முழுவதும் அந்தச் சத்தம் கேட்டது. நான் துள்ளினேன். அவன் இரண்டு கைகளையும் உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டான். அக்கா இன்னொரு வலது கை விட்டாள். அது அவன் முழங்கையில் பட்டது.

உடனே அவள் பின்னால் நகர்ந்து, "போதும்," என்றாள்.

இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. இன்னும் இரண்டு அடி விட்டால் பட்டியலின் முதலாம் இலக்கம் தரையில். வென்றுகொண்டிருக்கும்போது யாராவது நிறுத்துவார்களா? அவள் மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பையன்தான் போய் அவளுடைய கையுறையைக் கழற்றிவிட்டான். என்னவோ மெதுவாகப் பேசினார்கள். தோற்றதை வெளியே சொல்லவேண்டாம் என்று அவன் கெஞ்சுகிறான் என்று நான் முடிவுகட்டினேன்.

திரும்பி வரும் வழியில் அக்கா வலது கையை ஜம்பர் பைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கி லயத்துக்கு ஏறும்போது என்னை நிறுத்தினாள்.

"இன்னிக்கு நடந்தத சலூன்ல சொல்லக்கூடாது. வீட்டுலயும் சொல்லக்கூடாது. கோச் சேருக்குத் தெரிஞ்சா என்னைய சனிக்கெழம ஏத்த மாட்டாரு."

"சொன்னாதானே அவங்களுக்குப் புத்தி வரும்?"

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய மிகக் கஷ்டமான சத்தியம் அதுதான். மாமாவின் ஒரு நிமிடக் கேள்விக்குப் பதில் என் வாய்க்குள்ளேயே இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அன்றைக்கு அக்கா கரண்டியால் சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, போட்டிக்கு முன் கையைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும் என்றாள். அதையும் நம்பினேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த அப்பா அவளை மலைத்தண்ணீர் விழும் பீலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். போட்டிக்குப் போகவேண்டாம் என்று தடுக்கிறார் என்று நினைத்து, அன்றிரவு முழுவதும் நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மண்டபத்துக்கு மூவருமே வந்திருந்தார்கள். வாரத்தில் ஆட்கள் அதிகம் வரும் நாளில் அப்பா சலூனுக்குப் போகாமல் விட்டது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பையன் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றதையும் பார்த்தேன். தோல்வியை மறைக்க வந்திருக்கிறான் பார், என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அக்கா ஏறுவதற்கு முன் அப்பா அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏலுமா?"

"ஏலும்ப்பா."

ஏலுமாவாம்! ஐந்து சண்டை வென்றவளிடம், இரண்டு நாளைக்கு முன் முதலாம் இலக்கத்தைக் குனியவைத்தவளிடம், பெற்ற அப்பா கேட்கும் கேள்வியா இது? நான் சத்தியம் பண்ணியிருந்ததால் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

எதிரில் தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு பிள்ளை. அக்காவைவிட நாலு விரல் உயரம். முதல் சுற்றில் அக்கா இடது கையை மட்டுமே வைத்துக்கொண்டு அவளை மேடையின் நாலு பக்கத்துக்கும் இழுத்தடித்தாள். அழகு என்றால் அழகு. தெல்தெனியப் பிள்ளைக்கு எங்கே அடிப்பதென்றே தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. வலது கை வராது என்று தெரிந்துகொண்டவள்போல் அந்தப் பக்கத்தாலேயே உள்ளே வந்தாள். "வலது! வலது கையப் போடுக்கா!" என்று நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். என் தொண்டை கிழிந்தது. பக்கத்தில் மூன்று பெரிய மனிதர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. தெல்தெனியப் பிள்ளைக்குக் கத்த ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

மூன்றாம் சுற்றின் கடைசியில் அக்கா ஒரே ஒரு வலது கை விட்டாள். அது சரியான இடத்தில் விழுந்தது. உயரமான பிள்ளையின் கால்கள் மடங்கின. மண்டபம் எழுந்து நின்றது. இன்னொன்று விட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அக்கா அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மணி அடித்தது.

மேடை நடுவர் தெல்தெனியப் பிள்ளையின் கையை உயர்த்தினார்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் எனக்கே துண்டுதுண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. புள்ளி போடும் நடுவர்களின் மேசைக்கு ஓடினேன். "கள்ளத் தீர்ப்பு! கள்ளத் தீர்ப்பு!" என்று தமிழில் கத்தினேன். அது அவர்களுக்கு விளங்கவில்லை என்று பட்டதும் சிங்களத்தில் கத்தினேன். ஒருவருடைய தண்ணீர்க் கிளாஸ் விழுந்தது. வாசலில் நின்ற ஒருவர் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கதவு மூடும்வரை நான் நிறுத்தவில்லை. மூடிய பிறகும் நிறுத்தவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் என் சத்தம் கேட்டதாக மாமா பிறகு சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா சொன்ன ஒரே வசனம், "நல்லாதான் அடிச்சா." அதைப்போல ஒரு கேவலமான ஆறுதலை நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அக்காவின் வலது கைக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். பெருவிரலின் அடி எலும்பு உடைந்திருந்தது. கடைசி அடியில் அந்தப் பிள்ளையின் தலையில் பட்டு உடைந்தது என்றாள் அக்கா. சரி, அப்படியென்றால் அந்தப் பிள்ளைதான் தலையைக் கொடுத்து முட்டியிருக்கிறாள் என்று நான் குறித்துக்கொண்டேன். என்னுடைய வழக்குக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. அன்றே அப்பியாசக் கொப்பியில் நாலு பக்கம் கிழித்துக் குத்துச்சண்டைச் சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். கள்ளத் தீர்ப்பு ஒன்று, தலையால் முட்டியது இரண்டு, சிறு பிள்ளையைத் தூக்கி வெளியே போட்டது மூன்று. பதில் வரவில்லை. தமிழில் எழுதியதால்தான் வரவில்லை என்று அதற்கும் தனியாகக் கோபப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு சலூனுக்குப் போனபோது பட்டியலில் ஐந்தாவதாக அக்காவின் ஊர்ப் பெயர் இருந்தது. ஹந்தானை என்று மாஸ்டர் தன் அழகான எழுத்தில் எழுதி, முப்பத்தாறு புள்ளி போட்டிருந்தார். நான்காவதாக இருந்த கம்பளைக்கு முப்பத்திரண்டு.

"முப்பத்தாறு, முப்பத்திரண்டுக்குக் கீழயா மாஸ்டர்? கணக்கு மாஸ்டர்தானே நீங்க?" என்றேன்.

"பிள்ளை, பிறகு சேர்த்தபடியால்..." என்று தொடங்கினார்.

நான் மிச்சத்தைக் கேட்கவில்லை. அப்பாவின் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, நாட்காட்டியின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டி, அந்தப் பெயரை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஐந்தாவது இடத்தில் இருப்பதைவிட என் அக்கா அதில் இல்லாமல் இருக்கட்டும் என்றேன். அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கத்தரிக்கோலைத் திரும்ப வாங்கித் துணியில் துடைத்து, வழக்கமான இடத்தில் வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. கத்தரிக்கோலுக்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

கொழும்பு முகாமுக்குத் தெல்தெனியப் பிள்ளை போனாள். அக்காவின் கட்டைப் பிரித்த பிறகு பெருவிரல் பழையபடி மடங்கவில்லை. இன்னும் இரண்டு சண்டைக்கு ஏறினாள், இரண்டிலும் தோற்றாள். பிறகு மருந்துக்கடை வேலைக்குப் படித்தாள். இப்போது தெல்தோட்டையில் கல்யாணம் முடித்து, அங்கேயே ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். பட்டியலில் இருந்த நால்வரில் எவனும் உலகத்தை ஆளவில்லை. ஒருவன் இராணுவத்துக்குப் போனான், ஒருவன் டுபாய்க்கு. மூன்றாமவனைப் பற்றித் தெரியவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பையன் வேன் ஓட்டுகிறான்.

அவனை நான் போன வருடம்தான் மறுபடி பார்த்தேன். நான் இப்போது வேலை செய்யும் அலுவலகத்திலிருந்து ஒரு பயணம் போக வேன் பிடித்தார்கள். ஓட்டுனர் என்னைக் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நீங்க அந்தச் சத்தம் போட்ட நங்கிதானே?" என்றார். தமிழ் நன்றாகப் பேசப் பழகியிருந்தார். பழைய முதலாம் இலக்கத்திடம் நானும் சிரித்துப் பேசினேன். தேநீர் குடிக்க நிறுத்தியபோது கேட்டார்.

"அக்காட கை எப்படி? இப்ப மடங்குதா?"

"அந்தத் தெல்தெனியப் பிள்ளையோட தலையில பட்டதுதானே. சரியாகவே இல்ல," என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இல்லையே. அது என்ட முழங்கைல பட்டதுதானே, அந்த வியாழக்கிழமை. எலும்புச் சத்தம் எனக்குக் கேட்டிச்சி. கோச் சேருக்குச் சொல்லுவோம்னு நான் சொன்னேன். வேணாம், தங்கச்சிக்குத் தெரியக்கூடாதுன்னு அக்கா சொல்லிச்சி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பீலிப் பக்கத்துப் பேச்சை நினைத்துப் பார்த்தேன், வெள்ளிக்கிழமையே அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அப்பா மாமாவுக்குச் சொல்லியிருப்பார், மாமா மாஸ்டருக்கு. எல்லோரும் தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, அந்த மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவர்களையும் சங்கத்தையும் ஒரு முழு ஊரையும் நான் பன்னிரண்டு வருடம் திட்டித் தீர்த்திருந்தேன். அந்தக் கையை உடைக்க அழைத்துப் போனவள் நான்.

அடுத்த ஞாயிறு தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான். வேறெதுவும் எனக்குச் சரளமாக வராது.

"ஏன்க்கா எனக்குச் சொல்லல? எல்லாருக்கும் சொன்ன, எனக்குச் சொல்லல!"

அவள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள், இடது கையால். "நீ சின்னப் புள்ளதானே," என்றாள்.

"பதினொரு வயசு! நான்தானே அவனைக் கூப்புட்டேன்? நான்தானே ஒன்னைய ஏத்திவிட்டேன்?"

"நீ கூப்புட்ட. ஏறுனது நான்தானே. எனக்கும் அவன அடிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு," என்று சிரித்தாள். பிறகு மாவைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "சொல்லியிருந்தா நீ ஒரு மூலையில ஒக்காந்து அழுதுகிட்டு இருந்திருப்ப. கத்தியிருக்க மாட்ட. அந்த ஹோல்ல எனக்காகக் கத்துனது நீ ஒருத்திதான். மூணாவது ரவுண்ட்ல அந்த அடிய நான் எப்புடிப் போட்டேன்னு நெனைக்கிற?"

வலது கையைப் போடு என்று நான் கத்தியது தெல்தெனிய ஆட்களின் சத்தத்தில் அமுங்கிப்போனது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.